அவிழ்த்துவிட்ட அமைதி

நாவல்வலசு அரசு மேல்நிலைப் பள்ளியின் நூலக அறைக்குள் ஐம்பது வருஷமாகச் சேர்ந்திருந்த அமைதி, அறையைக் காலி செய்து கொப்பரை மூட்டைகளை அடுக்கியதற்கு மறு வியாழக்கிழமை காலையில், மாட்டுச் சந்தையின் வடக்கு வாசல் வழியாக உள்ளே நுழைந்து, தரகு மாரப்பன் ஒரு செவலைக் காளையின் திமிலைத் தட்டிக்கொண்டு அதன் தாய்க்கும் தாயைப் பெற்றதுக்கும் சேர்த்துப் பெருமை பேசிக்கொண்டிருந்த இடத்தில் வந்து நின்றது. அது வந்து நின்றதும் அவன் வாய் அசைந்தது, தொண்டை நரம்பு புடைத்தது, எச்சில்கூடத் தெறித்தது, சத்தம் மட்டும் வரவில்லை. காது அடைத்துக்கொண்டதோ என்று உள்ளங்கையால் காதில் ஓங்கி அடித்துப் பார்த்தான். அடித்தது வலித்தது, கேட்கவில்லை. காளையின் கழுத்துமணி ஆடியது, கேட்கவில்லை. வாங்க வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள், அதுவும் கேட்கவில்லை. ஆத்திரத்தில் நாலடி பின்னால் வந்தான், உடனே சந்தை இரைச்சல் மொத்தமும் தலையில் தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்த மாதிரி அவன்மேல் விழுந்தது.

"என்றா மாரப்பா, ஊமையாப் போயிட்டயா? அந்தச் சாமி இன்னைக்குத்தான் கண்ணத் தொறந்திருக்குது," என்றார் ஓரமாக நின்றிருந்த கொப்பரை வியாபாரி சென்னியப்பன்.

நாவல்வலசுக்காரர்கள் யாரும் பயப்படவில்லை. கையை நீட்டி நீட்டி அது எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று தடவிப் பார்த்தார்கள். ஒரு வகுப்பறை நீளம், ஒரு வகுப்பறை அகலம், நாலு மூலையும் இருந்தது. பழைய காகிதமும் அந்துருண்டையும் கொஞ்சம் மையும் கலந்த வாசனை அடித்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஏதோ ஒரு வகுப்புவரை படித்துவிட்டுச் சந்தை வாசலில் மாட்டுக்குச் சீட்டுக் கிழிக்கும் சுங்கக்காரர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "இது நம்ம பள்ளிக்கோடத்து லைப்ரரிதானுங்களே! எட்டாவதுல உள்ள போனப்ப எனக்கு இப்புடித்தான் காதடைச்சுது," என்று அடையாளம் சொன்னார். சொல்லிவிட்டு எல்லாருமாகச் சேர்ந்து மாரப்பனைப் பார்த்தார்கள். மாரப்பன் காளையைப் பார்த்தான்.

அவன் தொழிலுக்குத் தொண்டைதான் முதல். நாலாம் வகுப்பில் புத்தகப் பையைப் போட்டுவிட்டு அடுத்தவன் மாட்டுக்குக் கயிறு பிடிக்கப் போனவன், அடியும் உதையும் ஏச்சும் ஏமாற்றமும் தின்று வளர்ந்து, ஏழு சந்தைக்கும் தெரிந்த தரகனாக நின்றது அந்தத் தொண்டையால்தான். வாங்குகிறவன் காதில் கிழட்டு மாட்டைக் கன்றாக்குவான், விற்கிறவன் காதில் கன்றைக் கிழடாக்குவான், இரண்டு பேரும் இறங்கி வந்த பிறகுதான் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இரண்டு கைகளின்மேலும் போடுவான். துண்டுக்குள் விரல் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் பிடித்தால் ஐந்து, முழுக் கையையும் மூடி அழுத்தினால் பேரம் முடிந்தது, அப்புறம் வானமே இடிந்தாலும் பேச்சு மாறக்கூடாது. அமைதி வந்து நின்ற அன்றைக்கு விரல் மட்டும்தான் மிஞ்சியது. புகழ்ச்சியும் இகழ்ச்சியும் கேட்காமல் போனதால், வாங்க வந்தவர்கள் வேறு வழியில்லாமல் மாட்டைப் பார்த்தார்கள். பல்லைப் பார்த்தார்கள், குளம்பைப் பார்த்தார்கள், இடது பின்னங்கால் லேசாக இழுப்பதைப் பார்த்தார்கள். செவலைக் காளை அன்றைக்கு விற்கவில்லை.

அறை காலியான அந்த வருஷம் நூலகத்துக்கென்று வந்துகொண்டிருந்த பணம் வரவில்லை. மேலே எங்கேயோ ஒரு மேஜையில் ஒரு பேனா ஒரு வரியை அடித்துவிட்டது, அவ்வளவுதான். தலைமையாசிரியை அமலோற்பவம் டீச்சர் பெற்றோர் ஆசிரியர் கழகத்தைக் கூட்டினார். கழகத்துக்கு மாரப்பன்தான் தலைவன். மகள் படிக்கிற பள்ளிக்கூடம் என்பதற்காக அல்ல, யாரிடமும் எதையும் பாதி விலைக்கு வாங்கிவிடுவான் என்பதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள்.

"சம்பளத்துல பாதியக் கழகம் குடுத்தாப் போதும், மெஹருன்னிசா வாரத்துல ரெண்டு நாள் வர்றேன்னு சொல்றாங்க," என்றார் டீச்சர். மெஹருன்னிசா அந்த நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள். கதவோரம் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். "ரெண்டே நாள் தொறந்திருந்தாக்கூட அந்த அறை உசிரோட இருக்கும்."

"ரெண்டு நாளும் வேண்டாம், ஒரு நாளும் வேண்டாம் டீச்சர்," என்றான் மாரப்பன். "படிக்கற புள்ள தெருவெளக்குல உக்காந்தும் படிக்கும். படிக்காததக் கொண்டுபோயிப் புஸ்தகத்துக்கு நடுவுல கட்டிப் போட்டாலும் வைக்கலுன்னு நெனச்சு மென்னுட்டுத்தான் நிக்கும்."

கூட்டம் சிரித்தது. கூட்டம் சிரித்துவிட்டால் பேரம் பாதி முடிந்தது என்பது அவனுக்குத் தெரியும்.

"தெருவிளக்குல படிக்கறதுக்கும் கையில ஒரு புஸ்தகம் வேணுமே சார்? வீட்டுல புஸ்தகம் இருக்கற பிள்ளையப் பத்தி எனக்குக் கவலையில்ல. இங்க வர்ற முக்காவாசிப் பிள்ளைங்க வீட்டுல அச்சடிச்சதுன்னு இருக்கறது ரேஷன் கார்டு ஒண்ணுதான்."

"அப்ப ரேஷன் கார்டப் படிக்கட்டும்!"

இந்த முறை கூட்டம் மேஜையைத் தட்டிச் சிரித்தது. டீச்சர் சிரிக்காமல் உட்கார்ந்துவிட்டார். மெஹருன்னிசா வெளியே போய்விட்டாள், போனவள் அப்படியே கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அறையைச் சென்னியப்பன் கொப்பரை வைக்க வாடகைக்கு எடுத்துக்கொண்டார். வாடகைப் பணத்தில் பள்ளி வாசலுக்கு வளைவு கட்டி, வளைவில் பெயர்களைப் பொறித்து, முதல் பெயராகத் 'தலைவர் மாரப்பன்' என்று தங்க நிறம் அடித்தார்கள். புத்தகங்களைக் கொப்பரைச் சாக்கிலேயே அள்ளிக் கட்டி, சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் தூக்கிப் போட்டார்கள். அலமாரிகளும் போன பிறகு அறைக்குள் இருந்த அமைதிக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அது எழுந்து வெளியே வந்துவிட்டது.

வெளியே வந்ததை ஊர் ஏற்றுக்கொண்ட விதம், மழை தவறியதை ஏற்றுக்கொள்ளும் விதம்தான், புதுப் பேருந்து விட்டால் ஏற்றுக்கொள்ளும் விதம்தான். ஒரு வாரம் பேசினார்கள், அடுத்த வாரம் பழகிவிட்டார்கள். அதற்கு 'வாயில்லாதது' என்று பெயர் வைத்தார்கள். அது மேய்கிற மாட்டின் வேகத்தில் நகரும் என்று கண்டுபிடித்தார்கள். தரையில் பழைய செய்தித்தாளை விரித்துப் போட்டால் அந்தப் பக்கம் வரும் என்று கண்டுபிடித்தார்கள், கண்டுபிடித்த பிறகு, பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ் வாசலில் செய்தித்தாள் விரித்தாள், கைக்குழந்தைக்காரிகள் விரித்தார்கள், குறட்டை விடும் புருஷனோடு குடித்தனம் நடத்துகிறவர்கள் விரித்தார்கள். கல்யாண மண்டபத்துக்குள் அது நுழைந்தபோது ஒலிபெருக்கி செத்து, மேளம் செத்து, மாப்பிள்ளையும் பெண்ணும் தலையைத் தூக்கி முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓட்டுக் கேட்க வந்தவரின் ஜீப்பை அது சூழ்ந்து நின்றபோது அவர் அரை மணி நேரம் கையை ஆட்டினார், கண்ணைத் துடைத்தார், நெஞ்சைத் தொட்டார், இதுவரை அவர் பேசியதிலேயே இதுதான் நல்ல பேச்சு என்று எல்லாக் கட்சிக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள். தெருக்குழாயில் சண்டை போடும் பெண்கள், அது கடந்து போகும்வரை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்துவிட்டு, எந்த இடத்தில் விட்டோம் என்பது மறந்துபோய் வீட்டுக்குத் திரும்பினார்கள். சத்தம் கேட்காது என்று தெரிந்தும், அதற்குள் நுழையும்போது மரியாதைக்குச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வது ஊரில் வழக்கமாயிற்று.

ஆனால் அது சும்மா அமைதியில்லை, நூலகத்து அமைதி. அதற்குள் கொஞ்ச நேரம் நின்றவர்களுக்குக் கண் அரிக்கத் தொடங்கியது, கை எதையோ தேடத் தொடங்கியது. எழுத்து வேண்டும் போலிருந்தது. கிடைத்ததையெல்லாம் படித்தார்கள். சோப்புக் கட்டியின் உறையைப் படித்தார்கள், உரமூட்டையின் முதுகைப் படித்தார்கள், போன வருஷத்துப் பஞ்சாங்கத்தைப் படித்தார்கள், பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தைப் படித்தார்கள். டீக்கடை பெஞ்சில் நாலு பேர் ஒரே மருந்துச் சீட்டைத் தலையோடு தலை முட்டிக்கொண்டு படித்தார்கள், ஒருவன் முடிக்கும்வரை மற்றவன் பக்கத்தைத் திருப்பாமல் காத்திருந்தான். படிக்க ஒன்றும் கிடைக்காதவர்கள், அந்த அமைதிக்குள் தங்களையே படிக்க வேண்டியதாகி, யாருக்கு என்ன செய்தோம் என்பதெல்லாம் வரிவரியாக நினைவுக்கு வந்து, முகம் வெளுத்து வெளியே ஓடிவந்தார்கள்.

ஒரு மத்தியானம் மாரப்பன் கடைவீதியில் போய்க்கொண்டிருந்தபோது அது ரேஷன் கடை வரிசையின்மேல் நின்றிருந்தது. அதற்குள் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். பள்ளிச் சீருடை, முழங்காலை மடித்து, மடியில் ரேஷன் கார்டை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம் படித்தாள். திருப்பிப் பின்பக்கம் படித்தாள். மறுபடி முன்பக்கத்துக்கு வந்தாள். விரல் வைத்து, ஓர் எழுத்து விடாமல், அடியில் இருந்த அச்சகத்துக் குறிப்புவரை படித்தாள். யார் வீட்டுப் பிள்ளை என்று மாரப்பனுக்குத் தெரியாது. அவன் வந்த வழியே திரும்பி, எந்த வேலைக்காகப் போனானோ அதைச் செய்யாமல் வீட்டுக்கு வந்து, சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

"உங்களுக்கு என்னாச்சு? மேலுக்குச் சொகமில்லீங்களா?" என்றாள் மனைவி கோகிலா.

"ஒண்ணுமில்ல, போ."

"மக பேசமாட்டேங்கறா. இப்ப நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா? நா யாருகோடத்தான் பேசறது, செவுத்துகோடயா?"

மகள் ரூபிகா ஒன்பதாவது படித்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க அந்த நூலகத்தில் கிடந்தவள். அறையைக் காலி செய்த அன்றைக்குச் சாக்கு மூட்டைகள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், வீட்டுக்கு வந்தாள், அழவில்லை, கத்தவில்லை, கதவைச் சாத்தவில்லை. வீட்டில் பேசுவதற்கென்று, அதிலும் அப்பாவிடம் பேசுவதற்கென்று, அவளிடம் இருந்த வார்த்தைகள் தீர்ந்துவிட்டன, அவ்வளவுதான். தண்ணீர் கேட்டால் கொண்டுவந்து வைத்தாள். கூப்பிட்டால் வந்து நின்றாள். பேசவில்லை. மாரப்பன் முதலில் அதட்டினான், அப்புறம் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தான், அப்புறம் பெரிய போன் வாங்கித் தருவதாக ஆசை காட்டினான். ஏழு சந்தையில் எவனையும் இறக்கிவிடுகிறவன், ஒரு பெண்பிள்ளையை ஒரு வார்த்தைக்கு இறக்க முடியாமல் தோற்றான். அவளிடம் இரவல் வாங்கின ஒரே ஒரு புத்தகம் இருந்தது. திருப்பிக் கொடுக்க இடமில்லாததால் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். பள்ளி விட்டதும் வாயில்லாதது எந்தத் தெருவில் நிற்கிறதென்று விசாரித்துக்கொண்டு போய், அதற்குள் நுழைந்து, அது நடந்தால் கூடவே நடந்து, அது நின்றால் உட்கார்ந்து, அந்த ஒரு புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

மகளைக் கூட்டிவரப் போய்ப் போய்த்தான் மாரப்பன் அதைக் கவனித்தான். மாட்டுக்காரன் கண் சும்மா இருக்காது. வாயில்லாதது இளைத்துக்கொண்டு வந்தது. முன்பெல்லாம் ஓரம் கத்தி வெட்டின மாதிரி இருக்கும், இப்போது நைந்துபோய், லாரிச் சத்தம் கொசகொசவென்று உள்ளே கசிந்தது. ஊர் அதன்மேல் நாள் முழுக்கச் சத்தத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது, அது எவ்வளவைத்தான் விழுங்கும்? பொழுது சாய்கிற நேரத்தில் அது எங்கே இருந்தாலும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியது. தங்க நிறப் பெயர்களுக்குக் கீழே நுழைந்து, வராந்தாவில் ஏறி, பூட்டுப் போட்டிருந்த கொப்பரை அறையின் கதவில் போய் முட்டி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கிப் போனது. விற்ற மாடுகள் இப்படித்தான் செய்யும். கயிற்றை அறுத்துக்கொண்டு பத்து மைல் நடந்து பழைய கட்டுத்தரைக்கு வந்து நிற்கும். வாங்கினவர்கள் வந்து புலம்பும்போதெல்லாம் மாரப்பன் சொல்வான், "ரெண்டு நாளைக்குக் கத்துமுங்க, அப்பறம் மறந்துரும்." இதற்குக் கத்தவும் வழியில்லை. அது கதவை முட்டிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் மாரப்பன் ஒதுங்கி அதற்கு வழி விட்டான்.

சித்திரை மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அது ஊரை விட்டுப் போகக் கிளம்பியது.

"அண்ணா, வாயில்லாதது பைபாஸ் ரோட்டுல ஏறிப் போவுதுங்க்ணா! உங்க பாப்பாவும் உள்ளதான் போவுது, புஸ்தகத்துல இருந்து தலையத் தூக்கவே மாட்டேங்குது!" என்று சுங்கக்காரர் வீட்டு வாசலில் நின்று கத்தினார்.

மாரப்பன் ஓடினான். செருப்பில்லாமல் ஓடினான். பைபாஸ் ரோடு என்றால் மணல் லாரியும் கேரளத்துக்குப் போகும் காய்கறி லாரியும் ஒன்றையொன்று முந்திப் பறக்கும் ரோடு. தூரத்திலேயே பார்த்துவிட்டான், நடுரோட்டில், பிடரி தெரியக் குனிந்து, படித்துக்கொண்டே நடந்து போகும் மகளை. பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தது. அமைதிக்குள் நுழைந்ததும் அந்த ஹார்ன் செத்தது. டிரைவர் ஸ்டியரிங்கை ஒடித்தான், லாரி அவள் பின்னல் ஆடும்படி உரசிக்கொண்டு போய்ச் சாலையோர மண்ணில் சறுக்கி நின்றது. அவளுக்குத் தெரியவே இல்லை. மாரப்பன் கத்தினான். மாரியம்மன் கோயில் கிடா வெட்டில் நாலு ஊருக்குக் கேட்கும்படி கத்துகிறவன், இருக்கிற உயிரையெல்லாம் தொண்டைக்குக் கொண்டுவந்து அம்மிணி அம்மிணி என்று கத்தினான், கத்திக்கொண்டே அமைதிக்குள் ஓடியதில் கடைசி அம்மிணி பாதியில் அறுந்து விழுந்தது.

முன்னால் போய் மறித்து நின்றான். ரூபிகா தலையைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு விலகி நடந்தாள். தோளைப் பிடித்தான், உதறினாள். தூக்கிக்கொண்டு போயிருக்கலாம், அந்த அளவு பலம் அவனுக்கு உண்டு. ஆனால் இழுத்துக்கொண்டு போகிற எதுவும் ராத்திரி தங்காது என்பது அவனுக்குத் தெரியும். பேச வாயில்லை. கெஞ்ச வாயில்லை. அதட்ட வாயில்லை. வேறு ஒன்றும் தோன்றாமல், தோளில் கிடந்த துண்டை எடுத்து, புத்தகம் பிடிக்காத அவள் கையின்மேல் போட்டு, அதற்குள் தன் கையை நுழைத்தான்.

அவள் நின்றாள். தரகன் மகளுக்குத் துண்டைத் தட்டிவிடத் தெரியாது.

துண்டுக்குள் மாரப்பன் அவளுடைய இரண்டு விரல்களைப் பிடித்தான். இரண்டு என்றால் என்ன இரண்டு என்று அவளுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும், டீச்சர் கூட்டத்தில் கேட்டுச் சிரிப்புக்கு நடுவில் தோற்ற அந்த இரண்டு நாள். அவள் கையை விடுவித்துக்கொண்டு அவனுடைய ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தாள். அவன் மூன்றைப் பிடித்தான். அவள் ஐந்தைப் பிடித்தாள். அவன் மூன்றைப் பிடித்து நாலாவதைப் பாதிவரை தொட்டான், சந்தை வழக்கில் அதற்கு மூன்றரை, எவ்வளவு கல்நெஞ்சக்காரனும் அந்த இடத்தில் ஒரு படி இறங்குவான். அவள் ஐந்தைப் பிடித்தாள். சுற்றிலும் லாரிகள் நின்றுவிட்டன. டிரைவர்கள் ஹார்னை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, அலுத்துப்போய் இறங்கி வந்து, முன்லாரியின் முதுகில் எழுதியிருந்ததைப் படிக்கத் தொடங்கினார்கள். மாரப்பன் நாலைப் பிடித்தான். பிடிக்கும்போதே மனசுக்குள் கணக்கு ஓடியது, சென்னியப்பன் என்ன சொல்வார், மெஹருன்னிசா வருவாளா, கொட்டகையில் கிடக்கிற புத்தகத்தில் எது மிச்சம் இருக்கும், வளைவு கட்டின பணத்துக்கு எங்கே போவது. ரூபிகா அவன் முகத்தைப் பார்க்காமல், துண்டைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, கன்றுக்குட்டியின் வாய்க்குள் விரல் விடுகிற மாதிரி மெதுவாக, அவன் கட்டைவிரலைத் தேடிப் பிடித்து மற்ற நாலோடு சேர்த்தாள்.

மாரப்பன் அவள் கையை முழுதாக மூடி அழுத்தினான்.

பேரம் முடிந்தது. வாழ்நாளில் கேட்ட விலைக்கு அப்படியே வாங்கினது அது ஒன்றுதான். ரூபிகா புத்தகத்தை மூடி, ஊரைப் பார்த்துத் திரும்பி நடந்தாள். அவளுக்குப் பின்னால் வாயில்லாதது திரும்பியது. லாரிகளின் ஹார்ன்கள், அடைத்து வைத்திருந்த அத்தனையும் ஒரே நேரத்தில் வெடித்துக் கிளம்பின.

மறுநாள் மாரப்பன் சென்னியப்பன் கடைக்குப் போய் நின்றான்.

"என்றா, ரூமு வேணுமா? வாடகைய ஏத்தி வாங்குனப்ப இனிச்சுதல்ல? நடு வருசத்துல காலி பண்ணுன்னா என்ன நாயம்?" என்றார் சென்னியப்பன்.

"நாயமில்லதானுங்க. நா செஞ்சது அத விட நாயமில்லீங்க."

சென்னியப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மாரப்பன் பேரம் பேசாமல் ஒரு வாக்கியத்தை முடித்து அவர் கேட்டதில்லை. "உனக்கு மேலுக்கு ஆகல போலிருக்குது, போயி ஊசி போட்டுக்க," என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

மெஹருன்னிசா சாவியைப்போல் எளிதாகக் கிடைக்கவில்லை. ஜவுளிக்கடை பில் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலையைத் தூக்காமல் பேசினாள். "அன்னைக்கி நீங்க சொன்னது பரவாயில்லண்ணா, பேச்சு வாக்குல யாரும் எதும் சொல்லுவாங்க. எல்லாரும் சிரிச்சாங்க பாருங்க, அதுல மூணு பேரு எங்கிட்ட புஸ்தகம் எடுத்துப் படிச்சு வேலைக்குப் போனவங்க. நா யாரப் பாத்து உள்ள வந்து உக்காரட்டும்?"

"அவங்களச் சிரிக்க வெச்சது நாந்தானம்மா."

"தெரியும். அதான் உங்ககிட்டச் சொல்றேன்."

அவன் அடுத்த நாளும் போனான், அதற்கடுத்த நாளும் போனான். போய்ச் சும்மா நின்றான். ஒரு நாள் அவள் கடையிலிருந்து விலகி வந்தாள். இரக்கப்பட்டு வந்தாளா, புத்தக வாசனைக்காக வந்தாளா என்று அவன் கேட்கவில்லை. கொட்டகையில் சாக்குகளைப் பிரித்தபோது அடிப்பக்கம் முழுக்க மழையில் ஊறிக் கல்லாகியிருந்தது, மேல்பக்கம் கரையான் வீடு கட்டியிருந்தது, நடுவில் இருந்தது மட்டும் மிஞ்சியது. தின்னாமல் விட்ட பக்கங்களை மெஹருன்னிசா ஒவ்வொன்றாக ஊதி ஊதி வெயிலில் வைத்தாள். இறந்ததைத் தனியாக, பிழைத்ததைத் தனியாக. மாரப்பன் இறந்ததைச் சுமந்துகொண்டுபோய்ப் பள்ளிக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தான். குழியை அவனே வெட்டினான், யாரையும் தொட விடவில்லை. மேலிடத்துக்கு டீச்சர் எழுதிய மனுவுக்கு அந்த வருஷமும் பதில் வரவில்லை. எழுத்துக்குக் கண் அரித்துப் பழகிவிட்ட ஊர்தான் சம்பளத்துக்கும் அலமாரிக்கும் கையிலிருந்த காசைப் போட்டது. ஓட்டுக் கேட்க வந்தவர்கூட ஓர் அலமாரி கொடுத்தார், அதில் தன் பெயரை எழுத வேண்டும் என்று கேட்டு, மாரப்பன் பார்த்த பார்வையில் வேண்டாம் என்றார்.

திறந்த அன்றைக்கு வாயில்லாதது வராந்தாவில் ஏறி, திறந்திருந்த கதவுக்கு வெளியே வெகுநேரம் நின்று, அலமாரிகளை முகர்ந்து பார்ப்பது போல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், நாலு மூலையிலும் தன் நாலு மூலையைப் பொருத்திக்கொண்டு படுத்தது. ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக உள்ளே போனார்கள். அமலோற்பவம் டீச்சரின் இருமல் வாசற்படியில் நின்றது. மெஹருன்னிசாவின் வளையல் நின்றது. பிள்ளைகளின் கசமுசா நின்றது. கடைசியாக மாரப்பன் காலை எடுத்து வைத்தான்.

அவன் காலடி கேட்டது.

வெறுங்கால்தான், இருந்தும் கேட்டது. நின்றான், மூச்சு கேட்டது, உழவு மாட்டின் மூச்சு மாதிரி புஸ் புஸ்ஸென்று. மூச்சைப் பிடித்தான், நெஞ்சடிப்பு கேட்டது. அறையில் இருந்த அத்தனை தலையும் நிமிர்ந்தது. அவன் உடம்பைச் சுற்றி ஒரு முழம் விட்டு அமைதி ஒதுங்கிக்கொண்டது, ஈ உட்கார்ந்த இடத்தில் மாட்டுத்தோல் சிலிர்த்துக்கொள்கிற மாதிரி. ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த ரூபிகா, சத்தம் போடுகிற எந்தப் பிள்ளைக்கும் காட்டுகிற மாதிரி, உதட்டில் விரலை வைத்தாள். யார் சொல்லியும் அடங்காதவன் அப்படியே பின்னால் காலெடுத்து வைத்து வெளியே வந்தான். யாரையும் திட்டவில்லை. சரியான விலைதான் என்று தோன்றியது.

வாரத்தில் ஐந்து நாளும் கதவைத் திறந்து வைப்பது அவன் வேலையாயிற்று, சந்தை நாளில் மட்டும் திறந்து வைத்துவிட்டுச் சந்தைக்குப் போனான். உள்ளே போகமாட்டான். வாசற்படிக்கு வெளியே, தன் சத்தம் யாருக்கும் எட்டாத தூரத்தில், வராந்தாத் தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பான்.

முதல் நாள் சாயங்காலம் மணி அடித்து ரூபிகா வெளியே வந்தாள். அவனைத் தாண்டிப் போனவள் நின்று திரும்பினாள்.

"நாளைக்குத் தொறப்பீங்களா?"

அறை காலியான நாளிலிருந்து அவள் அவனிடம் பேசின முதல் பேச்சு அது. மாரப்பனுக்கு எவ்வளவோ சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்குக் கூட்டத்தில் சொன்னது, அதற்கு முன்னால் சொன்னது, சொல்லாமல் விட்டது எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான்.

"தொறப்பேன் அம்மிணி."

அவள் மாட்டின் பல்லைப் பார்த்து வயசு சொல்லுகிறவர்கள் பார்க்கிற மாதிரி அவன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள். மறுநாள் சாயங்காலமும் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். கை அழுத்திய பேரத்தில் மாரப்பன் பேச்சு மாறினதாக எந்தச் சந்தையிலும் எவனும் சொன்னதில்லை, எவனாவது இரண்டாம் முறை கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே ரகளையாகியிருக்கும். அவள் மழைக்காலம் முழுக்கக் கேட்டாள், பரீட்சை நாட்களில் கேட்டாள், காய்ச்சலோடு வந்த அன்றைக்கும் சால்வையைப் போர்த்திக்கொண்டு கேட்டுவிட்டுத்தான் போனாள். வேறு எதுவும் பேசவில்லை. அவனுக்குக் கோபம் வரவில்லை. மத்தியானம் தாண்டியதும் தூணை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, பதிலைச் சொல்லிப் பார்த்துக்கொள்வான்.

மணி அடித்தது. மாரப்பன் எழுந்து, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டு, மகளின் கேள்விக்காக நின்றான்.